கையிலுள்ள கருவி யாருடையது?



பாறசாலையைக் கடந்து நெடுஞ்சாலை வழியே சிறிது தொலைவு சென்றால் களியக்காவிளை. இரண்டுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அந்தக் கோட்டின் இப்பால் பிறந்தவன் நான். அத்தை வீடு அப்பால், பள்ளிக்கூடம் இப்பால். சந்தை அப்பால், ரேஷன் அட்டை இப்பால். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் கைபேசி கேரளக் கோபுரத்தைப் பிடிக்கும். கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கும். ரோமிங் கட்டணம் இருந்த நாள்களில், "மக்களே, கெணத்தடியில நிண்ணு பேசாத, பைசா போவும்" என்று பாட்டி அதட்டுவார். அந்தக் கட்டணம் போய்விட்டது. பாட்டியின் அச்சம் மட்டும் இன்னும் போகவில்லை.

இதனை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எல்லையோரத் தமிழ்க் குடும்பத்துக்குக் கைபேசி என்பது ஆடம்பரம் அன்று என்பதை எடுத்துக்காட்டவே சொல்கிறேன். ஊர்ப் பள்ளியில் நாங்கள் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை எனக்குக் கற்பித்தவர் பாட்டி. தமிழ்ப் பத்திரிகையையும் தமிழ் நூலையும் நாள்தோறும் என் கண்முன் கொண்டுவந்தது கைபேசி. 2020 ஜூன் முதல் நாள் கேரளத்தில் வகுப்புகள் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் மாறியபோது, என் தங்கை படித்தது அப்பாவின் கைபேசியில்தான். அப்பா ரப்பர் வெட்டிவிட்டு வரும்வரை அவள் திண்ணையில் காத்திருப்பாள். வீட்டுக்கு ஒரு கருவி. அதுவும் நின்றுபோனால் படிப்பு நிற்கும், வரவு செலவு நிற்கும், உறவின் குரலும் நிற்கும்.

ஆகவேதான் நம் மன்றத்தின் செயற்குழுவில் இவ்வாண்டு எழுந்துள்ள கேள்வியைச் சிறு கேள்வி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுதோறும் புதுமுக மாணவருள் இயலாதவர் சிலருக்கு நாம் கைபேசி வாங்கித் தருகிறோம். கடையில் கிடைப்பனவற்றுள் மிக மலிவான புதிய கருவியை வாங்கிக் கொடுப்பது இதுவரையிலான வழக்கம். பெட்டி புதிது, மேலே ஒட்டிய தாள் புதிது, கொடுக்கும்போது எடுக்கும் படமும் அழகாக இருக்கும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அது எப்படி இருக்கிறது என்று நாம் யாரையேனும் கேட்டதுண்டா? நான் கேட்டேன். விடுதியில் என் அறைக்கு எதிர் அறையில் இருப்பவர் சொன்னார்: "தட்டினால் அரை நிமிடம் கழித்துத் திறக்கிறது, அண்ணா." கொடுத்த கை குளிர்ந்தது; வாங்கிய கை வருந்துகிறது.

நான் முன்வைக்கும் கருத்து இது: மிக மலிவான புதிய கருவிக்குப் பதிலாக, சில ஆண்டுகளுக்கு முன் முதல்தரமாக விளங்கிய கருவியை, மின்கலம் மாற்றி, இயங்குதளம் புதுக்கி, மாணவர்க்குக் கொடுப்போம். "பழையதைக் கொடுப்பது பிச்சை போடுவது போலன்றோ?" என்று செயற்குழு நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வன்மையுள்ள கருவி எது?

கைபேசியின் வலிமை அதன் பளபளப்பில் இல்லை. உள்ளேயுள்ள சில்லு, நினைவகம், சேமிப்பகம் என்னும் மூன்றில் இருக்கிறது. மிக மலிவான கருவிகளில் பெரும்பாலும் இருப்பது இ.எம்.எம்.சி. என்னும் மெதுவான சேமிப்பகம். முதல்தரக் கருவிகளில் இருப்பது யு.எஃப்.எஸ். என்னும் விரைவான சேமிப்பகம். புதிய கருவி ஓராண்டிலேயே தள்ளாடுவதற்கு இவ்வேறுபாடு ஒரு பெருங் காரணம். செயலிகள் ஆண்டுக்கு ஆண்டு பருக்கின்றன. மெலிந்த கருவியால் அச்சுமையைத் தாங்க இயலுவதில்லை.

முதல்தர வன்மை செல்வர்க்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை உடைத்த நிகழ்ச்சிகள் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன. 2014 டிசம்பரில் ஒன்பிளஸ் நிறுவனத்தின் முதல் கைபேசி 21,999 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது. 2018 ஆகஸ்டில் சியோமி நிறுவனம் போக்கோ எஃப்1 என்னும் கருவியை 20,999 ரூபாயில் தொடங்கி விற்றது. அதில் இருந்த ஸ்நாப்டிராகன் 845 என்னும் சில்லு, அவ்வாண்டின் மிக உயர்ந்த கருவிகளில் இருந்த அதே சில்லு. அதே சில்லைக் கொண்ட ஒன்பிளஸ் 6 அவ்வாண்டு மே மாதம் 34,999 ரூபாயில் தொடங்கியது. இரண்டுக்கும் இடையே 14,000 ரூபாய் வேறுபாடு. எங்கே மிச்சம் பிடித்தார்கள்? முதுகில்! ஒன்பிளஸ் 6-க்குக் கண்ணாடி முதுகு. போக்கோவுக்குப் பிளாஸ்டிக் முதுகு. அன்று பலர் அதனை ஏளனம் செய்தனர். ஆனால் கண்ணாடி கீழே விழுந்தால் உடையும். பிளாஸ்டிக் கீறும், உடையாது. ரப்பர்த் தோட்டத்துச் சரிவில் கருவியைத் தவறவிட்ட ஒருவரைக் கேளுங்கள், எது உயர்ந்த பொருள் என்று.

ஆயினும் ஒரு குறை. போக்கோ எஃப்1 கருவிக்கு அதன் நிறுவனம் அளித்த கடைசி ஆண்ட்ராய்டுப் பதிப்பு 10. சில்லு சோர்ந்துவிட்டதா? இல்லை. திரை மங்கிவிட்டதா? இல்லை. நிறுவனத்தின் கணக்கு முடிந்துவிட்டது, அவ்வளவே. ஆனால் கருவியின் ஆயுள் முடியவில்லை. லினியேஜ் ஓ.எஸ். என்னும் கட்டற்ற இயங்குதளத்தைப் பேணும் தன்னார்வலர்கள், நிறுவனம் கைவிட்ட அதே கருவிக்குப் பிந்தைய ஆண்ட்ராய்டுப் பதிப்புகளை அணியமாக்கித் தந்தனர். ஊதியம் வாங்காதவர்கள் செய்தனர். விற்று ஊதியம் கண்டவர்கள் செய்யவில்லை.

மாற்றுத்தளங்களின் கதை

மாற்று இயங்குதளம் என்றதும், "அவையெல்லாம் வந்து போனவைதாமே?" என்பர் சிலர். உண்மைதான், வந்தன, போயின. ஏன் போயின என்று ஆராய்ந்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கும்.

2014 ஆகஸ்டில் ஃபயர்ஃபாக்ஸ் ஓ.எஸ். என்னும் தளத்தோடு 1,999 ரூபாய்க்கு இன்டெக்ஸ் நிறுவனம் ஒரு கைபேசியை விற்றது. அதில் இருந்த நினைவகம் 128 எம்.பி. மட்டுமே. 2015 ஜனவரியில் டைசன் என்னும் தளத்தோடு சாம்சங் நிறுவனம் 5,700 ரூபாய்க்கு ஒரு கைபேசியை இந்தியாவில் வெளியிட்டது. இரண்டு தளங்களும் கைபேசி உலகில் நிலைக்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் தளத்தின் வழிவந்த கை ஓ.எஸ். 2017-இல் ஜியோபோனில் குடியேறிக் கோடிக்கணக்கானோர் கையை அடைந்தது. எனினும் அதில் வாட்ஸ்அப் வருவதற்கே 2018 ஆகிவிட்டது. நோஞ்சான் மாட்டில் பூட்டிய ஏர் நிலத்தை உழவில்லை என்றால், குற்றம் ஏரின் மேலதா, மாட்டின் மேலதா? மாற்றுத்தளங்களை எப்போதும் மெலிந்த கருவிகளிலேயே ஏற்றினர்; பிறகு தளம் தோற்றது என்றனர்.

வன்மையான கருவியில் ஏறிய மாற்றுத்தளமும் ஒன்று உண்டு. 2014-இல் வந்த அந்த முதல் ஒன்பிளஸ் கருவி சயனோஜென் என்னும் தளத்தோடு பிறந்தது. ஆனால் இந்தியாவில் அத்தளத்துக்கான தனியுரிமையை மைக்ரோமேக்ஸ் நிறுவனம் பெற்றிருந்தது. வழக்கு தில்லி உயர் நீதிமன்றம் சென்றது. அந்த டிசம்பரில் சில நாள்கள் விற்பனைக்கே தடை விழுந்தது. பணம் கொடுத்து வாங்கியவன் கையில் கருவி. அதன் உயிரோ இரண்டு நிறுவனங்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில்! 2016 டிசம்பரில் சயனோஜென் நிறுவனம் தன் பணிகளை மூடியது. ஆனால் அதன் மூலநிரல் எல்லார்க்கும் திறந்திருந்தது. ஆகவே அதே மாதத்தில் தன்னார்வலர்கள் அதனை எடுத்து லினியேஜ் ஓ.எஸ். என்று பெயரிட்டு வளர்த்தனர். நிறுவனம் மாண்டது, நிரல் வாழ்ந்தது. திறந்த பொருளுக்கும் பூட்டிய பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எவர் விளக்க முடியும்?

நம் நாட்டிலும் அசைவு தோன்றியிருக்கிறது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டுத் துறையில் தன் வலிமையைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூறி, கூகுள் நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அத்தண்டத்தை உறுதி செய்தது. ஆணையத்தின் கட்டளைகளுள் நான்கை மட்டும் நீக்கியது. 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த நிறுவனம் ஒன்று பார் ஓ.எஸ். என்னும் தளத்தை அறிமுகம் செய்தது. அதுவும் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை அடித்தளமாகக் கொண்டதே. அது பெருநிறுவனங்களையும் காப்பு மிகுந்த அலுவலகங்களையும் கருதி வந்தது. நம் விடுதி அறைக்கு வந்து சேரவில்லை. அறிமுக விழாவைக் கண்டு கைதட்டிவிட்டு அமர்ந்துவிடுவது அறிவுடைமை ஆகாது.

கடலும் மழையும்

உழைப்பைத் தாங்கும் தன்மை பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். எங்கள் வட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கிழக்கே ரப்பர்த் தோட்டம். மேற்கே பொழியூர்க் கடற்கரை. ஐ.பி. 68 என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைக் கண்டு பலர் மயங்குகின்றனர். முதல் எண் தூசுக்கு. 6 என்றால் தூசு புகாது. இரண்டாம் எண் நீருக்கு. 8 என்றால் நிறுவனம் குறிப்பிடும் ஆழத்தில், குறிப்பிடும் நேரம் வரை தாங்கும். ஆனால் அச்சோதனை நன்னீரில் நடப்பது. பொழியூர் மீனவரின் உப்பு நீருக்கும், ரப்பர் வெட்டுபவரின் வியர்வைக்கும் அந்த எண் உறுதிமொழி தருவதில்லை. மேலும், நீர் புகாமல் காப்பது பசை. ஒருமுறை திறந்து பழுது பார்த்தால் அந்தப் பசை பழைய நிலையில் இராது. கடலுக்குப் போகிறவர்கள் இன்றும் கருவியைப் பாலிதீன் உறையில் கட்டி மடியில் செருகிக்கொள்கின்றனர். அது அறியாமை அன்று, அனுபவம்.

உடம்பு எவ்வளவு உறுதியாயினும் மின்கலம் முதுமை அடையும். வெப்பம் அதனை இன்னும் விரைவில் முதுமைப்படுத்தும். ஆகவே, எளிதில் மாற்றத்தக்க மின்கலமே உறுதியின் முதல் அடையாளம். ஐரோப்பிய ஒன்றியம் இதனை உணர்ந்து சட்டமே செய்துவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கு விற்பனைக்கு வரும் கைபேசிகளின் மின்கலம், 800 முறை மின்னேற்றிய பின்னும் தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டையேனும் காக்க வேண்டும். விற்பனை முடிந்த பின்னும் உதிரி உறுப்புகள் 7 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். இயங்குதளப் புதுப்பிப்பு 5 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். நம் நடுவண் அரசும் பழுது பார்க்கும் உரிமை குறித்து 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையவாசலும் திறந்தது. வாசல் திறந்தது நன்று. உள்ளே நுழைய ஒரு சட்டமும் வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதை

2019-இல் அம்மா சீட்டுப் பணம் எடுத்து எனக்கு ஒரு கைபேசி வாங்கித் தந்தார். நல்ல கருவிதான். இரண்டு ஆண்டுகளில் புதுப்பிப்பு நின்றது. மூன்றாம் ஆண்டு மின்கலம் உப்பியது. விற்ற நிறுவனத்தின் பணிமனையில், "இதற்குச் செலவழிப்பதைவிடப் புதியது வாங்கிவிடுங்கள்" என்றனர். களியக்காவிளையில் ஒரு சிறு கடைக்காரர் கருவியைத் திறந்து பார்த்து, "சாதனம் நல்லாத்தான் இருக்கு தம்பி, இத ஏன் எறியணும்?" என்றார். சில நூறு ரூபாயில் மின்கலம் மாறியது. விடுதி நண்பர் ஒருவரோடு ஓர் இரவு முழுவதும் விழித்து லினியேஜ் தளத்தை ஏற்றினேன். தமிழ் எழுத இண்டிக் விசைப்பலகை என்னும் கட்டற்ற செயலியை இட்டேன். அதனை உருவாக்கியவர்கள் சுதந்திர மலையாளம் கணினிக் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர்கள். மலையாளத்துக்காகத் தொடங்கிய கைகள் தமிழுக்கும் விசை அமைத்துத் தந்தன! எல்லைக்கோட்டை இப்படியும் கடக்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றியது. அந்தக் கருவி இன்று தங்கையின் கையில் இருக்கிறது.

ஆனால் மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். மறுநாள் காலை வங்கிச் செயலி திறக்க மறுத்தது. இயங்குதளம் மாற்றிய கருவி என்று கண்டுகொண்டது. அம்மாவுக்குப் பணம் அனுப்ப நண்பரின் கருவியை நாட வேண்டியதாயிற்று. இது சிறு இடர் அன்று. பூட்டைத் திறந்த கருவி திருடன் கையில் சிக்கினால் ஆபத்து கூடும் என்பதும் உண்மையே. ஆகையால் எல்லாரும் இன்றே தளத்தை மாற்றுங்கள் என்று நான் முழங்கவில்லை. நிறுவனம் இன்னும் புதுப்பிப்புத் தரும் கருவிக்கு அதனை மாற்ற வேண்டுவதில்லை. நிறுவனம் கைவிட்ட கருவிக்கே மாற்றுத்தளம் மருந்து. பாதுகாப்புத் திருத்தம் இல்லாத பழைய தளத்தில் வங்கிச் செயலி திறக்கிறது. திருத்தம் பெற்ற புதிய தளத்தில் திறக்க மறுக்கிறது! இந்த முறைமை யாரைக் காக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நம்மால் இயலுமா?

"இவ்வளவு நுட்பம் நம்மவர்க்கு வருமா?" என்பது அடுத்த தடை. கேரளப் பள்ளியில் படித்தவர்கள் இதனைக் கேட்கலாமா? 2001-இல் தொடங்கி, 2017-இல் கைட் என்னும் நிறுவனமாக வளர்ந்த ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழியே, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற லினக்ஸ் தளத்திலேயே கணினி கற்றனர். அதே 2001-இல்தான் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ரிச்சர்டு ஸ்டால்மன் முன்னிலையில் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. பத்தாம் வகுப்பில் லினக்ஸில் தேர்வு எழுதியவன், கல்லூரிக்கு வந்ததும் தன் கைபேசியைத் தொட அஞ்சுகிறான் என்றால், குறை அறிவில் இல்லை, துணிவில் இருக்கிறது.

எங்கள் வட்டத்துப் பலராமபுரத்தில் குழித்தறியில் நெய்யும் சாலியர் இருக்கின்றனர். பாலராம வர்மா ஆட்சியில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறியோரின் வழியினர். அவர்களுடைய தறியில் ஓர் உறுப்பு முறிந்தால், "புதுத் தறி வாங்குங்கள்" என்று எவரும் சொல்வதில்லை. நெசவாளி அறிவான் எந்த மரம் எங்கே பொருந்தும் என்று. தறி அவனுடையது என்பதற்குச் சான்று அவன் கொடுத்த விலை அன்று. அதனைத் தானே பிரித்துக் கூட்ட முடிகிறதே, அதுதான் சான்று.

மன்றத்தின் முன் நான் வைக்கும் வேண்டுகோள்கள் நான்கு. முதலாவது, இவ்வாண்டு உதவிநிதியில் பாதியை மட்டுமேனும் இம்முறைக்கு ஒதுக்குங்கள். ஓராண்டு கழித்து இரு வகைக் கருவிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது, வாங்குமுன் லினியேஜ் போன்ற தளத்தின் ஆதரவுப் பட்டியலில் அக்கருவி இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டைத் திறக்க நிறுவனம் இடம் தருகிறதா என்றும் பாருங்கள். மூன்றாவது, பழைய கருவி திருட்டுப் பொருளாக இருந்துவிடக் கூடாது. *#06# என்று அழுத்தினால் 15 இலக்க அடையாள எண் தோன்றும். அதனைச் சஞ்சார் சாத்தி இணையவாசலில் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள். நான்காவது, பருவத்துக்கு ஒருநாள் விடுதியில் பழுதுபார்ப்பு நாள் நடத்துவோம். பெறுகிற மாணவரே திருப்புளியைப் பிடிக்கட்டும். தளத்தை ஏற்றுவதையும் அவரே செய்யட்டும். வங்கிச் செயலி வேண்டுவோர்க்கு, நிறுவனத்தின் புதுப்பிப்பு இன்னும் தீராத கருவியைத் தேடித் தருவோம்.

பழையதைக் கொடுப்பது பிச்சையோ என்று கேட்ட நண்பருக்கு என் விடை இதுவே: இரண்டாண்டில் குப்பையாகும் புதியதைக் கொடுப்பதுதான் கண்துடைப்பு. தானே திறந்து, தானே திருத்தி, தானே ஆளக்கூடிய கருவியைக் கொடுப்பது பங்கு கொடுப்பது. எல்லைக்கோடு எங்கே விழவேண்டும் என்று எங்கள் பாட்டன்மாரை எவரும் கேட்கவில்லை. கையிலிருக்கும் கருவி எந்நாள் வரை வாழவேண்டும் என்பதையாவது நாம் முடிவு செய்வோம்.

செயற்குழு அடுத்த வாரம் கூடுகிறது. மறுப்பவர்கள் மறுப்போடு வாருங்கள். ஏற்பவர்கள் பெட்டிக்குள் உறங்கும் பழைய கைபேசியோடு வாருங்கள்!